கிளெனிஸ் கேட்ட கேரவன்

இங்கிலாந்தின் ஹல் நகரில் முப்பது வருடம் பேருந்து ஓட்டிய கிளெனிஸ், விடுமுறை கிடைத்தால் ஐரோப்பிய மலைகளில் சைக்கிள் பந்தயம் ஓட்டப் போய்விடுவாள். அங்கே தங்க, காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் சக்கர வீடான கேரவன்தான் வேண்டும் என்றாள். கணவன் டெஸ்மண்ட் அவளைக் கேட்காமலேயே, வீடும் வண்டியும் ஒன்றாக இருக்கும் பெரிய மோட்டார்ஹோமை வாங்கிவிட்டான்.

பெல்ஜியத்தின் ஆர்டென் மலையில் பந்தயத்துக்குப் போகும் வழியில், குறுகலான கிராமத் தெருவில் அது இரண்டு சுவர்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. அவளில்லாமலேயே பந்தயம் தொடங்கியது.

"கேரவனா இருந்தா கேம்ப்லயே விட்டுட்டு கார்ல வந்திருப்பேன்டா!"

"பஸ் ஓட்டுனவதானே நீ? பின்னால எடு பாப்போம்."

"வாங்குனவன் நீ. நீயே எடு."

சைக்கிளை இறக்கிக்கொண்டு போய்விட்டாள். மறுவருடம் பழைய கேரவன் ஒன்றை வாங்கினாள். டெஸ்மண்ட் தானும் வருவதாகச் சொன்னான்.

"இதுல ஒரு கட்டில்தான் இருக்கு" என்று கதவைச் சாத்தினாள்.