ஏலிக்குட்டி வருகைப் பதிவேட்டில் எழுதியது

மூக்கன்பாறை அணை அலுவலகத்தில் ஏலிக்குட்டி பதினேழு வருடமாக ஒப்பந்த ஊழியர். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது வேலை. அணையின் நீர்மட்டம் கால் மணிக்கு ஒருமுறை தானாகக் கோப்பில் பதிவாகும். அது தவறாமல் பதிவாகிறதா என்று கவனிக்க வேண்டும். மவுஸைத் தொடமாட்டாள். கறுப்புத் திரையில் கட்டளை தட்டித்தான் எதையும் செய்வாள். பாலிடெக்னிக்கில் ஒரு வாத்தியார், "பொம்பளப் புள்ளைக்கு டைப்பிங் போதும்" என்று சொன்ன வீம்பில் கற்றுக்கொண்டது அது.

அந்த வருடம் கர்க்கடகத்தில், அதாவது ஆடி மாதத்தில், பேய்மழை. மதகைத் தாமதமாகத் திறந்ததில் ஆற்றங்கரையில் இருபத்தாறு வீடுகள் போயின. எச்சரிக்கை உரிய நேரத்தில் போனது என்று அலுவலகம் சாதித்தது. விசாரணைக்கு அதிகாரி வருகிறார் என்று தெரிந்த அன்று முற்பகலில், என்ஜினீயர் சஜீந்திரன் அவள் மேசைக்கு வந்தார்.

"ஏலிக்குட்டி, இந்த மாசக் கோப்ப மட்டும் பென் டிரைவ்ல காப்பி பண்ணிக் குடு. அப்புறம் மெஷின மொத்தமா அழிச்சிரு. புதுசு வருது."

"வெறுமனே காப்பி பண்ணினா எல்லாத்துக்கும் இன்னைக்குத் தேதி விழும் சாரே. இப்ப உக்காந்து எழுதினதும்பாங்க."

"விழட்டுமே. உனக்கென்ன?"

அவருக்கு வேண்டியதே அதுதான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"எனக்கென்னவா? அன்னைக்கு விடியக்காலம் தண்ணி ஏறுதுன்னு மூணு தடவ போன் அடிச்சது நான். எடுக்காதது நீங்க."

பாலில்லாத கட்டன் சாயாவோடு வந்த டிரைவர் உம்மர் தயங்கி நின்றான். "சேச்சி, வேலைக்கு உலை வச்சுக்காதீங்க."

"நிரந்தரமா ஒண்ணு இருந்தால்ல போறதுக்கு" என்றவள் கட்டளையைத் தட்டினாள். பதினேழு வருடக் கோப்புகளையும் தேதி, நேரம் கலையாமல் ஒரே மூட்டையாகக் கட்டும் 'டார்' கட்டளை. கோப்புப் பெயர்கள் திரையில் மளமளவென்று ஓடின. அடுத்த கட்டளை அந்த மூட்டையின் கைரேகையைக் காட்டியது: எழுத்தும் எண்ணுமாக அறுபத்துநான்கு. உள்ளே ஒரு புள்ளியை மாற்றினாலும் கைரேகை மாறிவிடும். வருகைப் பதிவேட்டை இழுத்து, தன் பெயருக்கு நேராக அதைப் பேனாவால் எழுதினாள். இரண்டு முறை சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டாள்.

"ரெஜிஸ்டர்ல கிறுக்கினதுக்கே உன்ன வெளிய அனுப்பலாம் தெரியுமா?"

"அனுப்புங்க. பக்கத்தக் கிழிக்காம அனுப்புங்க. பக்கத்துக்கு நம்பர் போட்டிருக்கு."

மூட்டையைக் குறுந்தட்டில் பதிந்து, அன்றே விசாரணை அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கினாள். மாதக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

விசாரணையில் துறை வக்கீல் மடக்கினார். "யாரைக் கேட்டு இதைச் செய்தீங்க?"

"கேட்டிருந்தா வேண்டாம்னிருப்பாங்க. அதான் கேக்கல."

கோப்பு திருத்தப்பட்டது என்றார் அவர். அதிகாரி பதிவேட்டை வரவழைத்து, குறுந்தட்டிலிருந்த மூட்டையின் கைரேகையோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தார். பொருந்தியது. நீர்மட்டம் எல்லை தாண்டி நான்கு மணி நேரம் கழித்தே எச்சரிக்கை போயிருந்தது. வீடிழந்தவர்களின் வழக்கு அதன்பேரில்தான் நின்றது. சஜீந்திரனுக்குக் கிடைத்தது இடமாற்றம் மட்டும். அதைக் கேள்விப்பட்ட அன்று அவள் வாய்விட்டுத் திட்டினாள்.

இப்போது கடைத்தெருவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறாள். போன மாதம் அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. புது இயந்திரம் மக்கர் செய்கிறதாம், தினக்கூலிக்கு வர முடியுமா என்று.

"நிரந்தர வேலைன்னு எழுதிக் கொண்டாங்க, வர்றேன்."

கடிதம் வரவில்லை. அவளும் போகவில்லை.