வராத லாபத்துக்கு வரி

கனடாவில் இருப்பவர்களின் வருமான வரிப் படிவங்களை வெள்ளவத்தையில் இருந்து நிரப்புவதுதான் என் வேலை. காலி வீதியில் ஒரு சாறிக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், நாலு பேர் இருக்கும் சின்ன அலுவலகம். முதலாளி ரொறன்ரோவில் இருக்கிறார். நாங்கள் அவரை அண்ணை என்போம். அவரிடம் வருகிற ஆட்களின் கடதாசிகள் ஸ்கான் செய்யப்பட்டு எங்களுக்கு வரும். கொம்பியூட்டரில் ஏற்றி வைத்திருக்கும் வரி மென்பொருளில் அவற்றை அடித்து, சரிபார்த்து, திருப்பி அனுப்புவோம். இணையத்தில் வைத்துச் செய்யும் மென்பொருளில் அண்ணைக்கு நம்பிக்கை இல்லை. வருடா வருடம் புதுப் பதிப்பை வாங்கி நாலு கொம்பியூட்டரிலும் ஏற்றச் சொல்வார்.

பிட்கொயின் மாதிரியான கிரிப்டோக் காசுகளின் கணக்குகள் என்னிடம் வந்து சேர்ந்ததற்குத் திறமை காரணம் இல்லை. அப்படி ஒரு பைல் முதன்முதல் வந்த அன்று நான் லீவில் நின்றேன். மற்ற மூன்று பேரும் அதை என் மேசையில் வைத்துவிட்டார்கள். செய்து பார்த்தபோது அவ்வளவு கஷ்டமாகத் தெரியவில்லை. எப்போது வாங்கினார், என்ன விலை, எப்போது விற்றார், என்ன விலை, அவ்வளவுதான். ஒரு கொயினைக் கொடுத்து இன்னொரு கொயினை வாங்கினாலும் அதுவும் விற்பனைதான் என்பது பலருக்குத் தெரியாது. அதைச் சொன்னால் கோபிப்பார்கள். ஆனால் சொல்வது என் வேலை இல்லை, அண்ணையின் வேலை. கடதாசி ஏதும் குறைந்தால் கேட்பதைத் தவிர ஆட்களோடு கதைக்கக் கூடாது என்பது அலுவலக ஒழுங்கு. எனக்கு அந்த ஒழுங்கு பிடித்திருந்தது. கல்கிசையில் காலை ரயில் ஏறி, ஏழு மணிக்கு முதல் மேசையில் இருந்து, பின்னேரம் எவருடைய கவலையையும் வீட்டுக்குக் கொண்டுபோகாமல் திரும்பலாம்.

இரண்டு வருடத்துக்கு முன், பங்குனி மாதத்தில், எழுபது வயது தாண்டிய ஒருவரின் பைல் வந்தது. கார் உதிரிப்பாகங்கள் செய்யும் பக்டரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. வழமையான பென்ஷன் சீட்டு, வங்கி வட்டிச் சீட்டு, இவற்றோடு நாற்பது பக்கத்தில் ஒரு வியாபார அறிக்கை இருந்தது. நான் கேள்விப்படாத ஏதோ ஒரு கிரிப்டோ கொம்பனியின் அறிக்கை. மேலே பேனையால், தமிழில், ஒரு துண்டு எழுதி ஒட்டியிருந்தார்: "இதற்கு எவ்வளவு வரி வரும் என்று அவசரமாக அறிய வேண்டும்." வரியைப் பற்றி அவசரப்படுகிற ஒருவரை நான் அதற்கு முன் கண்டதில்லை. நேர்மையான மனிசன் என்று நினைத்தேன்.

அறிக்கையை மென்பொருள் ஏற்கவில்லை. அதன் நெடுக்கு வரிசைகள் மென்பொருளுக்குத் தெரிந்த எந்த வடிவத்துக்கும் பொருந்தவில்லை. அதனால் கையால் அடிக்கத் தொடங்கினேன். அது ஒரு செவ்வாய்க்கிழமை. முதல் பக்கம் முடிந்து இரண்டாம் பக்கத்தின் பாதியில் கை நின்றது. ஒவ்வொரு விற்பனையிலும் லாபம். எத்தனையோ பேரின் கிரிப்டோ கணக்கைப் பார்த்திருக்கிறேன். நட்டமே இல்லாத ஒருவரையும் பார்த்ததில்லை. ஒரு நாளை எடுத்து, அந்தக் கொயின் அன்றைக்கு என்ன விலைக்குப் போனது என்று வேறு இடத்தில் தேடினேன். அறிக்கையில் இருந்த விலைக்கு அன்று உலகத்தில் ஒருவரும் விற்கவில்லை. இன்னும் ஐந்து நாட்களைப் பார்த்தேன். அதே கதைதான்.

பிறகு அவருடைய வங்கிக் கடதாசிகளைப் பார்த்தேன். தொடக்கம் மட்டும் உண்மை. எல்லாரும் பாவிக்கிற ஒரு சந்தையில் அவர் பிட்கொயின் வாங்கியிருந்தார். அது கொஞ்சம் ஏறியதும் அதை டொலருக்குச் சமமாக நிற்கும் வேறொரு கொயினாக மாற்றி, அந்தக் கொம்பனி கொடுத்த கிரிப்டோ விலாசத்துக்கு இணையத்தில் அனுப்பியிருந்தார். அதற்குப் பிறகு இருந்தது கொம்பனியின் எழுத்து மட்டுந்தான். நான் அடித்த இலக்கங்களை மென்பொருள் கூட்டி, கட்ட வேண்டிய வரியைத் திரையின் மூலையில் காட்டிக்கொண்டிருந்தது.

அண்ணைக்கு எழுதினேன். அங்கே வரிக் காலம், அவருக்கு மூச்சுவிட நேரம் இல்லை. "பாக்கிறன்" என்று ஒரு சொல்லில் பதில் வந்தது. புதன்கிழமை முழுக்க வேறு பைல்கள் செய்தேன். அந்த மனிசரின் போன் இலக்கம் பைலின் முதல் பக்கத்திலேயே இருந்தது. அவருக்கு எடுத்துக் கதைக்கவில்லை. வியாழன் காலை அண்ணையின் பதில் வந்தது: "காசு ஏதும் வெளியிலை எடுத்தவரோ எண்டு மட்டும் கேளுங்கோ. வேறை ஒண்டும் கதைக்க வேண்டாம்."

அப்போதே அவருக்குப் போன் எடுத்தேன். அங்கே அவருக்கு இன்னும் புதன் இரவு.

"அங்கிள், நான் வெள்ளவத்தையிலை இருந்து கதைக்கிறன். உங்கடை டாக்ஸ் செய்யிற ஆள்."

"வெள்ளவத்தையோ? நான் கொட்டாஞ்சேனை. பிறந்தது, படிச்சது எல்லாம் அங்கைதான். நீங்கள் எந்தப் பக்கம், பிள்ளை?"

"கல்கிசையிலை இருக்கிறன். அங்கிள், இந்தக் கொம்பனியிலை இருந்து காசு ஏதும் வெளியிலை எடுத்தனீங்களோ?"

"இன்னும் இல்லை. எடுக்கிறதுக்குத்தானே உங்களிட்டைக் கேட்டனான். டாக்ஸ் கட்டினாத்தான் விடுவினமாம்."

"ஆர் சொன்னது?"

"கொம்பனி. லாபத்திலை ஒரு பங்கை வரியா அவைக்கு முதல் அனுப்ப வேணும். பிறகு முழுக் காசும் வரும். அவை சொல்லுற கணக்குச் சரியோ எண்டு உங்களிட்டைக் கேட்டுப் பாப்பம் எண்டு நினைச்சன்."

அவசரத்தின் காரணம் அப்போதுதான் விளங்கியது. அண்ணை சொல்ல வேண்டாம் என்றதை நான் சொன்னேன்.

"அங்கிள், வரி அரசாங்கத்துக்குக் கட்டுறது. கொம்பனிக்குக் கட்டுறேல்லை."

"அவை எனக்காக அரசாங்கத்துக்குக் கட்டுவினம்."

"இல்லை அங்கிள். இதிலை இருக்கிற விலை ஒண்டும் உண்மையில்லை. நான் பாத்தனான். அந்த லாபம் அவை எழுதி வைச்ச லாபம். காசு அங்கை இல்லை."

 

"நீங்கள் எத்தினை வருசமா இந்த வேலை செய்யிறியள்?" என்று கேட்டார்.

"ஆறு வருசம்."

"அந்தப் பிள்ளை என்னோடை ஒவ்வொரு நாளும் கதைக்கும்" என்றார். கொம்பனியின் ஆலோசகர் என்று சொல்லிக்கொண்ட ஒரு பெண்ணைச் சொன்னார். எழுத்தில்தான், ஆங்கிலத்தில். "காலமை எழும்பினால் முதல் செய்தி அந்தப் பிள்ளையின்ரை. மருந்து குடிச்சிட்டியளோ எண்டு கேட்கும்."

 "இனி ஒரு சதமும் அனுப்பாதையுங்கோ" என்று சொன்னேன்.

"சரி" என்றார்.

அடுத்த கிழமை, அவர் கொடுத்த பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியும் அந்த மாத வங்கி அறிக்கையும் வந்தன. அறிக்கையில் புதன்கிழமைத் திகதியில், கொம்பனி கேட்ட அந்த வரிக்காக, ஒன்பதாயிரம் டொலர் வெளியே போயிருந்தது. நான் கண்டுபிடித்தது செவ்வாய். கதைத்தது வியாழன். அவர் என்னிடம் "சரி" என்று சொன்ன நேரம் அந்தக் காசு ஏற்கனவே போய்விட்டது. ஏன் சொல்லாமல் விட்டார் என்று நான் கேட்கவில்லை. அவரும் ஏன் செவ்வாயே எடுக்கவில்லை என்று கேட்கவில்லை, நான் செவ்வாயே கண்டுபிடித்தது அவருக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தை பைலில் போட்டு, உரிய இடத்தில் தொகையை அடித்தேன். அன்றைக்கு வேறு பைல் ஒன்றும் செய்யவில்லை.

சித்திரையில் ஒரு காலை அவரே அலுவலகத்துக்கு எடுத்து என்னைக் கேட்டார். கொட்டாஞ்சேனையில் அவருடைய தங்கச்சி தனியாக இருக்கிறாராம். மாதா மாதம் அவவுக்குக் காசு அனுப்புகிறவர், எட்டு மாதத்துக்கு முன் அதை நிறுத்திவிட்டு, "உன்ரை பங்கை இதிலை போடுறன், ஒரேயடியாப் பெரிசா வரும்" என்று சொல்லியிருக்கிறார்.

"எனக்கு அவவிட்டைச் சொல்ல வாய் வரேல்லை, பிள்ளை. நீங்கள் கணக்குத் தெரிஞ்ச ஆள். நீங்கள் போய்ச் சொன்னா அவ விளங்கிக்கொள்ளுவா."

அண்ணையைக் கேட்டேன். "அது எங்கடை வேலை இல்லை" என்றார். உண்மைதான். புதன்கிழமைத் திகதியில் போன அந்த ஒன்பதாயிரம் இல்லாவிட்டால் நானும் அதையே சொல்லியிருப்பேன்.

சனிக்கிழமை காலை புறக்கோட்டையில் பஸ் மாறிப் போனேன். தொடர்மாடியின் கேற்றில் இருந்தவர் எந்த வீடு என்று சிங்களத்தில் கேட்டார். நாலாம் மாடி என்றதும், லிப்ட் வேலை செய்யாது என்று கையைக் காட்டினார். தங்கச்சி கதவைத் திறந்தபோது நான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். "இருங்கோ, முதல் தண்ணி குடியுங்கோ" என்றா. எழுபது வயது இருக்கும். வங்கியொன்றில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவ. வீட்டில் ஒரு பொருளும் இடம் மாறிக் கிடக்கவில்லை.

நான் வழியில் யோசித்து வைத்ததை அப்படியே சொன்னேன்.  முடித்ததும் எழும்பிப் போய் ஒரு அப்பியாசக் கொப்பியைக் கொண்டுவந்தா. அண்ணன் போனில் சொல்லச் சொல்ல, கிழமைக்குக் கிழமை, தன் பங்கு எவ்வளவு ஆனது என்று எழுதி வைத்திருந்தா. நீலப் பேனையில், இலக்கங்கள் ஒன்றுக்குக் கீழ் ஒன்று நேராக.

"இதிலை எது உண்மை?" என்று கேட்டா.

அவர் உண்மையில் போட்ட தொகையைக் காட்டினேன். கொப்பியின் முதல் பக்கத்தில் மேலே இருந்தது.

"மற்றது?"

"மற்றது ஒண்டும் இல்லை, அன்ரி."

பக்கங்களை ஒருமுறை கடைசி வரைக்கும் புரட்டினா. "முப்பத்தொரு வருசம் கவுண்டரிலை இருந்தனான். கள்ள நோட்டு எண்டால் விரலிலை தெரியும். இது கையிலை வரவேயில்லையே, தெரியிறதுக்கு." குரலில் கோபம் தெரியவில்லை. எட்டு மாதமும் வங்கியில் கிடந்த நிலையான வைப்பை உடைத்து உடைத்துச் சாப்பிட்டதாகவும், இன்னும் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதையும் எனக்கு விவரமாகச் சொன்னா, நானும் அவவின் ஒரு வாடிக்கையாளர் போல.

அந்த நேரம் போன் அடித்தது. அண்ணன்தான். நான் போவது அவருக்குத் தெரியும். அங்கே வெள்ளி இரவு, படுக்காமல் இருந்திருக்கிறார். தங்கச்சி எடுத்து, தொடர்மாடியின் தண்ணி மோட்டர் பழுது என்றும், திருத்துவதற்கு வீட்டுக்கு வீடு காசு சேர்க்கிறார்கள் என்றும், பக்கத்து வீட்டுக்காரி தரமாட்டேன் என்று நிற்கிறாள் என்றும் சொன்னா. அவர் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "ஓம், வந்தவ. இருக்கிறா. நாளைக்கு ஆறுதலாக் கதைப்பம், நீங்கள் படுங்கோ" என்று வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. "வெளியாள் இருக்கேக்கை கதைக்கிற கதை இல்லை."

நான் எழும்பினேன். கதவடியில் கேட்டா: "நீங்கள் இதை எப்ப கண்டுபிடிச்சனீங்கள்?"

"போன மாசம்" என்றேன். எந்த நாள் என்றும், இரண்டு நாள் அவருக்கு எடுக்காமல் இருந்ததையும் சொல்லவில்லை. அதைச் சொல்ல நினைத்துத்தான் அவ்வளவு தூரம் வந்தேன் என்பது படி இறங்கும்போது தெரிந்தது. திரும்பி ஏறவில்லை.

படிவம் அந்த மாதக் கடைசியில் போனது. ஒரு கொயினை இன்னொன்றாக மாற்றியபோது வந்த சின்ன லாபம் உண்மையான லாபம், அதைக் காட்டத்தான் வேண்டும். களவு போனதை நட்டமாகக் காட்டலாம் என்று அண்ணை, பொலிஸ் கடதாசியைப் பார்த்த பிறகு, முடிவு செய்தார். லாபத்தை நட்டம் விழுங்கியது. மிச்ச நட்டத்தை இனி வரும் அப்படியான லாபங்களில் மட்டுந்தான் கழிக்கலாம். அவருக்கு இனி அப்படி ஒன்று வரப்போவதில்லை. ஆனாலும் மென்பொருள் அதை வருடா வருடம் அடுத்த வருடத்துக்குத் தள்ளிவிடும்.

அண்ணனும் தங்கச்சியும் அந்த ஞாயிற்றுக்கிழமை சண்டை பிடித்ததாகவும், நாலு மாதம் அவ போன் எடுக்கவில்லை என்றும் அவர்தான் பிறகு ஒருநாள் எனக்குச் சொன்னார். இப்போது கதைக்கிறார்களாம்.

ஏதாவது வித்தியாசமாகக் கண்டால் நான் இப்போது முதலில் ஆளுக்குப் போன் எடுத்துவிட்டுத்தான் அண்ணைக்கு எழுதுவேன். ஒருமுறை அது பிழையாகிப் போனது. ஒழுங்கான கொம்பனியின் கணக்கைச் சந்தேகப்பட்டேன் என்று ஒருவர் இருபது நிமிடம் ஏசினார். அண்ணையும் ஏசினார். கேட்டுக்கொண்டு இருந்தேன்.

போன வருடம் அந்த மனிசரின் பைல் திரும்ப வந்தபோது மெல்லிதாக இருந்தது. பென்ஷன் சீட்டு இருந்தது, வங்கி வட்டிச் சீட்டு இல்லை, புதிதாக ஒரு சம்பளச் சீட்டு. ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடையில் கிழமைக்கு மூன்று நாள் வேலை செய்கிறார் என்று அண்ணை சொன்னார். மேலே ஒட்டியிருந்த துண்டில், தங்கச்சிக்கு அனுப்பும் காசை வரியில் கழிக்க முடியுமா என்று கேட்டு எழுதியிருந்தார். முடியாது என்று நானே எடுத்துச் சொன்னேன். "பரவாயில்லை பிள்ளை, சும்மா கேட்டனான்" என்றார். பிறகு, கொட்டாஞ்சேனைப் பக்கம் இப்ப மழையோ என்று கேட்டார். வெள்ளவத்தையில் இல்லை, அங்கே தெரியாது என்றேன்.