நிமிட முள் காட்டிய வயல்கள்

காதர் பாய் காலமான செய்தி, அடக்கம் முடிந்து நான்கு நாள் கழித்து வேடசந்தூரில் எனக்குக் கார்டில் வந்தது. "அத்தா மௌத்தாகிவிட்டார்கள். உங்களுக்கு எழுதச் சொல்லியிருந்தார்கள்" என்று மகள் எழுதியிருந்தாள். பயிர் மதிப்பீட்டு வேலையில் எங்களோடு இருந்த உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். அவர் கைக்கடிகாரம் கட்டுவதை விட்டது ஏன் என்பது மட்டும் தெரியாது. அதை நான் இத்தனை நாள் சொல்லாததற்குக் காரணம் என் கோழைத்தனம்.

உங்களுக்குத் தெரிந்த வேலைதான்: ஊருக்குச் சில வயல்களைத் தேர்ந்து, கயிறு கட்டி அளந்த இடத்தில் விளைந்ததை அறுத்து எடை போடுவோம். அந்த எடையை வைத்துத்தான் ஊரே விளைந்ததா, பட்டுப்போனதா என்று மேலே முடிவு செய்வார்கள். வயலை எங்கள் இஷ்டத்துக்கு எடுக்கக் கூடாது. அதற்கென்று தாறுமாறாக எண்கள் அச்சிட்ட புத்தகம் உண்டு; அதில் வரும் எண் எந்த வயலுடைய சர்வே எண்ணோ, அந்த வயலுக்குத்தான் போக வேண்டும். அதில் எந்த வரியில் தொடங்குவது? கடிகாரத்தில் நிமிடம் எத்தனையோ அத்தனையாவது வரி என்று பாய்தான் வழி சொன்னார். "மனுசன் மனசு சாயும் அப்பு, முள்ளு சாயாது" என்பார். எனக்கும் அது பிரமாதமாகப் பட்டது.

நயா பைசா வந்த சமயம், ஒரு வருடம் மழை ஏமாற்றியது. எரியோட்டுக்குத் தெற்கே ஓர் ஊரில் சோளம் அறுத்து, எடையை அனுப்பிவிட்டு, பாக்கி வேலைக்காக மறுபடி போயிருந்தோம். மானாவாரிக் காட்டுக்காரி ஒருத்தி வழிமறித்து, "ஏன் சாமி, மூணு வருசமா கம்மாய்க்கரை வயலுக்கே வாரீக. எங்க காட்டுப் பக்கம் உங்க கயிறு வராதா?" என்று கேட்டாள்.

"எண்ணு சொல்ற எடத்துக்குத்தாம்மா போவோம்" என்று நான் சிரித்தேன். பாய் சிரிக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து குறிப்பேட்டின் பழைய பக்கங்களைப் புரட்டினார்.

"நம்ம பஸ் எப்பவும் எட்டு இருவதுக்கு வருது. கணக்குப்பிள்ளை வீட்ல போயி புஸ்தகத்த விரிக்கையில எட்டரை. இம்புட்டு வரி இருக்க, அஞ்சாறு வரியவே சுத்திக்கிட்டிருக்கோம் அப்பு."

அந்த ஐந்தாறு வரிகளின் எண்கள் கண்மாய்ப் பாசன வயல்களில் போய் விழுந்திருந்தன. ஊரில் அங்கே மட்டும்தான் சோளம் நின்றது.

எங்கள் எடையை ஏற்க வேண்டாம், மறுபடி அறுக்க வேண்டும் என்று மறுநாளே ஒரு மனு எழுதி, தன் கையெழுத்தைப் போட்டு என்னிடம் நீட்டினார். "நீயும் போடு. ஒருத்தன் சொன்னா கிறுக்கன்னு தள்ளிருவாக. வேலை போனா பேகம்பூர்ல எங்க மச்சான் தோல் ஷாப்புல ரெண்டு பேரும் உக்காந்துக்கலாம்."

எனக்கு அந்த மாதம்தான் வேலை நிரந்தரமாகியிருந்தது. "செத்த யோசிச்சுச் சொல்றேன் பாய்" என்று வாங்கி மடித்து வைத்தேன். மூன்று நாள் அவர் கண்ணில் படாமல் திரிந்தேன். அவர் வேறொரு தாளில் தனியாக எழுதி அனுப்பினார். உடன் அறுத்தவர் ஒன்றும் சொல்லவில்லையே என்று அது திரும்பி வந்தது. வறட்சிப் பட்டியலில் அந்த ஊர் இல்லை. கஞ்சித் தொட்டியும் வரவில்லை, நிவாரண வேலையும் வரவில்லை.

அடுத்த முறை போனபோது அந்தப் பெண்ணின் வீடு பூட்டிக் கிடந்தது. பிள்ளைகளோடு எங்கே போனாள் என்று பக்கத்து வீட்டுக்கும் தெரியவில்லை. திரும்பும் பஸ்ஸில் பாய் கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டார். "முள்ளு என்ன செய்யும். தெரிஞ்ச பொறகும் நாம சும்மா இருந்துட்டோம்" என்றார். நாம என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது, அன்று மடித்து வைத்த அந்த மனு ஒன்றுதான். கார்டு வந்த அன்று அதைப் பிரித்து, அவர் பெயருக்குப் பக்கத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். வாங்கிக்கொள்ளத்தான் யாருமில்லை.