பேரீச்சம்பழம் ஊறிய தண்ணீர்

எங்கள் டயாலிசிஸ் அறையில் மூன்றாம் எண் மெஷினுக்குப் பக்கத்து ஜன்னலில், போன வாரம்வரை மூடி போட்ட எவர்சில்வர் டம்ளர் ஒன்று இருந்தது. அதில் ஒரு பெண்ணின் பேரைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தார்கள். உள்ளே ஒரே ஒரு பேரீச்சங்கொட்டை. மூன்று வருடமாக அதை யாரும் கேட்டு வரவில்லை. தூக்கி எறிய எனக்கும் கை வரவில்லை. சாயங்காலம் பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடிந்ததும் அந்த மூடி ‘டிக்’ என்று ஒரு சத்தம் போடும். ஸ்பீக்கர் அதிர்வில் ஜன்னல் ஆடுகிறது, இதற்குப் போய் பயப்படுகிறாயே என்று மெஷின் பழுதுபார்க்க வந்தவர் சிரித்தார். சரி, பார்த்துவிடலாம் என்று ஒருநாள் டம்ளரை பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். அன்றைக்கும் சத்தம் ஜன்னலில்தான் கேட்டது. மறுநாள் டம்ளரை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

டம்ளர் ஜரிகை பாயுடையது. சூரத்திலிருந்து ஜரிகை வரவழைத்துப் பிள்ளையார்பாளையத்துத் தறிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவர். இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு, வாரத்தில் மூன்று மதியம் எங்களிடம் வந்து நாலு மணி நேரம் படுத்திருப்பார். நான் அங்கே டெக்னீஷியன். வாய் ஓயாதவள் என்று பேர் எடுத்தவள். அவர் பேரீச்சம்பழத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மட்டும் நான் அடங்கிவிடுவேன். குர்ஆனில் வரும் மர்யம் அம்மா பிரசவ வலியோடு பேரீச்ச மரத்தடியில் ஒதுங்கியபோது பழம் உதிர்ந்த கதையைச் சொல்வார். பிறந்த பிள்ளையின் அண்ணத்தில் பெரியவர்கள் பழத்தை மென்று தடவுவதைச் சொல்வார். காலையில் அஜ்வா என்கிற பேரீச்சம்பழம் ஏழு தின்றவனை அன்றைக்கு விஷமும் அண்டாது, சூனியமும் அண்டாது என்று நபிகள் சொன்னதைச் சொல்லும்போது குரலே இறங்கிவிடும். “ஒத்தப்படையாத்தான் துன்னணும்மா. ஒண்ணு, மூணு, அஞ்சு, ஏழு” என்று விரலை மடக்கிக் காட்டுவார்.

அந்தப் பழத்தின்மீது எனக்கென்ன பகை? நார்ச்சத்து உண்டு, மலச்சிக்கலுக்கு நல்லது, பொட்டாசியம் ரத்தக்கொதிப்புக்கு நல்லது. சர்க்கரை இறங்கிப்போன பச்சைக் குழந்தைக்கு இன்றைய ஆஸ்பத்திரிகளில் குளுக்கோஸ் ஜெல்லைக் கன்னத்தின் உட்புறம் தடவுவதைப் பார்த்தபோது, ஜரிகை பாய் சொன்னது இதுதானே என்று தோன்றியது. ஆனால் கெட்டுப்போன சிறுநீரகத்தால் அந்தப் பொட்டாசியத்தை வெளியே தள்ள முடியாது. அது ரத்தத்தில் தேங்கி இதயத்தையே நிறுத்திவிடும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். எங்கள் நோயாளிகளுக்கு அந்த அளவே கைப்பிடிக்குள்தான். அதனால் காய்கறியை நறுக்கி, ஊறவைத்து, பொட்டாசியம் இறங்கிய அந்தத் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டுச் சமைக்கச் சொல்வோம். தினம் பத்துப் பேருக்காவது இதை ஒப்பிப்பேன்.

நோன்பு மாதம் வந்தது. “நோம்பு வைக்கத்தான் டாக்டர் உடல. தொறக்கற நேரத்துக்கு வூட்ல எல்லாரோடவும் ஒரு பழம் வாயில போட்டுக்கினா இன்னாம்மா ஆயிடப்போவுது?” என்று கெஞ்சினார். அந்த நேரம் பார்த்து இரண்டு மெஷின்கள் சேர்ந்து அலறின. “சரி பாய், ஒண்ணே ஒண்ணு. நல்லா ஊறவெச்சுட்டுச் சாப்பிடுங்க” என்றபடியே ஓடினேன். டாக்டரைக் கேட்காமல் சொன்னதே தப்பு. அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று அன்றுமுதல் என்னை அரிக்கிறது. தண்ணீரைக் கீழே ஊற்றச் சொன்னேனா, இல்லையா? சத்தியமாக நினைவில்லை.

இரண்டு நாள் இடைவெளிக்குப் பிறகு டம்ளரும் கையுமாக வந்தார். முகம் வெளுத்து, கால் பின்னியது. “நீ சொன்னபடிதாம்மா. ஒத்தப்படையா ஏழு பழம் ஊறப்போட சொல்லி ஒண்ணே ஒண்ணு துன்னேன். மீதிய புள்ளைங்களுக்குக் குடுத்துட்டேன். தண்ணிய மட்டும் நான் குடிச்சேன். நபிகள் குடிச்ச தண்ணியாச்சே” என்றார் பெருமையாக. அடப்பாவி மனுஷா! அன்றைய பங்குப் பழம் ஒன்று டம்ளரில் இருந்தது. பாங்கு சொன்னதும் சாப்பிட வைத்திருந்தார். அதை ஜன்னலில் வைத்துவிட்டுப் படுத்தவர், காலியாகக் கிடந்த நாலாம் கட்டிலைப் பார்த்து, “அங்க யாரும்மா குந்திக்கினு கீறது?” என்று கேட்டார். ஈசிஜியில் அலைகள் கோபுரம் கோபுரமாக எழுந்தன. டாக்டர் ஓடி வந்தார், ஊசி போட்டார், மெஷினும் ஓடியது. அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் டம்ளரைத் திறந்தேன். பழம் இல்லை, கொட்டை மட்டும், யாரோ சப்பிப் போட்டதுபோல் சுத்தமாகக் கிடந்தது. எறும்பு தின்றிருக்கும் என்றார் அறை பெருக்கும் அம்மா. இறுக மூடிய டம்ளருக்குள் எறும்பு எப்படிப் போகும்?

இப்போது எனக்கு ஒன்பதாம் மாதம். எட்டு வருடம் தவமிருந்து தங்கிய பிள்ளை. கடைசி மாதத்தில் பேரீச்சம்பழம் சாப்பிட்டால் பிரசவம் கொஞ்சம் சுலபமாகலாம், உனக்குச் சர்க்கரை இல்லை, பயமில்லாமல் சாப்பிடு என்றார் எனக்குப் பிரசவம் பார்க்கும் டாக்டரம்மா. எடுத்த பழத்தை அப்படியே திரும்ப வைத்துவிடுவேன். அந்தப் பழி என் வயிற்றில் வந்து விழுந்துவிடுமோ என்ற பயம்தான், வேறென்ன.

போன வாரம், நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சற்று முன்னால், ஜரிகை பாயின் மனைவி வந்து நின்றார். நான் பிள்ளைத்தாச்சி என்று கேள்விப்பட்டு வந்தாராம். கையில் அதே மாதிரி, அதே பேர் வெட்டிய இன்னொரு டம்ளர், அதில் ஊறிய பேரீச்சம்பழமும் தண்ணீரும். ஜன்னலில் இருந்ததைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“ஒண்ணு கேக்கணும் கண்ணு. தண்ணிய கீழ ஊத்திடணும்னு நீ அவருகிட்ட சொன்னியா? அவரு வூட்ல வந்து சொன்ன மாதிரியும் இருக்குது, சொல்லாத மாதிரியும் இருக்குது. நான்தான் ஊறப்போட்டு, என் கையாலதான் குடுத்தேன். மூணு வருஷமா தூக்கமே இல்லம்மா.”

ஒரு நொடி என் வயிற்றைப் பார்த்தேன்.

“இல்லம்மா. நான் சொல்லல. மறந்துட்டேன். தப்பு என்னுதுதான்” என்றேன்.

அந்த அம்மா திட்டவில்லை. பாங்கு கேட்டது. ஒரு பழத்தால் நோன்பைத் திறந்துவிட்டு, தான் கொண்டுவந்த டம்ளரை என் கையில் வைத்து, “குடி. உனக்கு இது மருந்துதான்” என்றார். அழுதுகொண்டே குடித்தேன். தித்திப்பு தொண்டையில் இறங்கும்போது ஜன்னலில் ‘டிக்’ என்றது.

“வூட்லயும் இப்படித்தாம்மா, தெனம் இந்நேரத்துக்குக் கேக்குது” என்றார் திரும்பாமலே. போகும்போது இரண்டு டம்ளரையும் எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் சாயங்காலம் போன் செய்தார். “இன்னிக்கு எங்க வூட்ல கேக்கல கண்ணு. நிம்மதியா இருக்குது.”

நல்லதும்மா என்று சொல்லி போனை வைத்தேன். டம்ளர் இல்லாத அந்த ஜன்னலில், அன்றைக்கு இரண்டு முறை கேட்டிருந்தது.