மாசியில் வெட்டிய முருங்கைகள்

சுண்ணாம்பு பட்டு விரல் நுனி வெந்தது இன்னும் நினைவிருக்கிறது. மாசி மாதம். ஏலப்பாறைக்குக் கீழே எங்கள் மூன்று ஏக்கர் காப்பித் தோட்டத்தில், இலையில்லாமல் நின்ற முள்முருங்கைகளுக்கெல்லாம் அடையாளம் போட்டுக்கொண்டு போனேன். நூற்று நாற்பதில் நூற்றுப் பதினேழு. பக்கத்துத் தோட்டங்களில் பூச்சி விழுந்து இலைகள் முடிச்சு முடிச்சாகச் சுருண்டு மரங்கள் பட்டுப்போயிருந்தன. எங்களுடையவையும் பட்டுவிட்டன என்று முடிவு கட்டினேன். வெட்டிவிட்டு சில்வர் ஓக் மரம் வைத்தால் தடி விற்கவாவது ஆகும்.

தோட்டம் என் பெயரில். பாடுபட்டவன் என் மனைவியின் தம்பி. முருங்கைக் கொம்புகளை நட்டு, மிளகுக்கொடி ஏற்றி, மழைக்கு முன் கிளை கழித்து, காப்பிக்கு நிழல் காத்தவன் அவன்தான். பத்தொன்பது வருட உழைப்பு. குறிகளைப் பார்த்ததும் கேட்டான்: "மச்சான், மாசியில எந்த முருங்கை இலையோட நின்னுச்சு? உதிர்த்துட்டுத்தான பூக்கும். லீவு போட்ட பிள்ளையையெல்லாம் செத்துப்போச்சுன்னு ரிஜிஸ்டர்ல எழுதுற வாத்தியாரா இருக்கீகளே!"

கூலியாட்கள் ஏழு பேரும் சிரித்தார்கள். நான் முப்பத்திரண்டு வருடம் ஆசிரியனாக இருந்தவன். அந்தச் சிரிப்புக்காகத்தான் அன்றே வெட்டச் சொன்னேன். "ஒரு மழை வரைக்கும் பொறுங்க" என்று அவன் இரண்டு முறை கேட்டான். தோட்டம் யாருடையது என்று நான் ஒரு முறைதான் கேட்டேன்.

வெட்டுவாயெல்லாம் பச்சை ஈரம். கொடிகள் மரத்தோடு விழுந்தன. சித்திரை வெயிலில் காப்பி கருகியது. அவன் கட்டப்பனைப் பக்கம் கூலிக்குப் போய்விட்டான்.

மூன்றாம் வருடம் என் மகளுக்குக் கல்யாணம். பந்தக்காலோடு நட முள்முருங்கைக் கொம்பு வேண்டும். எங்கள் தோட்டத்தில் விட்டுவைத்திருந்த இருபத்துமூன்றையும் அதற்குள் பூச்சி தின்றிருந்தது. நேரில் போய் அழைக்கக் கூசி, அவனுக்குப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பினேன். ஈரச்சாக்கில் சுற்றி, முள் சீவிய கொம்பு ஒன்று பஸ்ஸில் வந்தது. அவன் வரவில்லை. "தாய்மாமன் எங்கே, மாலை போடணுமே" என்று மேடையில் கேட்டார்கள். என் மனைவி என்னைப் பார்த்தாள். தூரத்துச் சொந்தக்காரன் ஒருவன் போட்டான்.

இப்போது எனக்கு எழுபத்தாறு. ஓயாத சளி. தன் தம்பி வீட்டுக்குப் போய்வரும்போதெல்லாம் என் மனைவி முள்முருங்கை இலை கொண்டுவருகிறாள். அரிசியோடு அரைத்து அடை சுடுகிறாள். நெஞ்சுச்சளிக்கு அதைவிட வேறில்லை. இன்று ஏழு அடை. பேரனுக்கு நான்கு, அவளுக்கு மூன்று.

"எனக்கு?" என்றேன்.

"டாக்டர் மாத்திரை குடுத்திருக்காருல்ல" என்றாள்.