பழைய முறைக்கு ஒரு கையெழுத்து

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உலகமே, தரவைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் நியூரல் நெட்வொர்க் பின்னால் ஓடியது. சேலத்துக் கல்லூரியின் ஒரே கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு நானும் ஓடினேன். காப்பி பூக்கவைக்கும் கோடை மழை, அந்தந்த வருட விளைச்சல் இரண்டின் பழைய கணக்கையும், காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரான அப்பா வாங்கித் தந்திருந்தார். நெட்வொர்க் அதை மனப்பாடம் செய்துகொண்டு, அடுத்த வருடத்தைத் துளியும் சந்தேகமின்றித் தப்பாகச் சொன்னது. எங்கள் கல்லூரியில் அதற்கு முதல் வகுப்பே கிடைத்திருக்கும்.

மருந்து, இருநூறு வருடப் பழைய புள்ளியியலில் இருந்தது. தரவைப் பார்க்குமுன் மனதில் இருக்கும் நம்பிக்கையை எண்ணாக எழுதிவைக்க வேண்டும். தரவு வர வர அதைத் திருத்த வேண்டும். அப்படிப் பழக்கினால் நெட்வொர்க் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும். இதை ஆய்வுத் தலைப்பாக்க, திங்கட்கிழமைக்குள் நெறியாளர் கையெழுத்திட வேண்டும். தவறினால் அவர் அலமாரியில் யாரும் தொடாமல் கிடக்கும் தலைப்பு எனக்கு.

அவரோ மனைவியோடு கோடை கழிக்க எங்கள் ஏற்காட்டுக்கே வந்துவிட்டார். ஏரியில் அவர்கள் ஏறிய படகில் நானும் ஏறினேன். நடு ஏரியிலிருந்து எந்தப் பேராசிரியராலும் எழுந்து போக முடியாது. தலைப்பு எழுதிய காகிதத்தை நீட்டி, முதல் பாதி நம்பிக்கை, மறு பாதி திருத்தம் என்று முறையை விளக்கினேன்.

"கணக்குல போயி சொந்த அபிப்பிராயத்தக் கலக்கறதா கண்ணு? அது எப்பவோ செத்துப்போன முறை" என்றார். அதைப் படித்ததே இல்லை என்றும் பெருமையாகச் சேர்த்துக்கொண்டார்.

மனைவி அவர் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, எங்கம்மாவப் பத்திக் கல்யாணத்தன்னிக்கு நெனச்சதுதானுங்களே இன்னைக்கும் நெனக்கறீங்க? மொதப் பாதி உங்களுக்கு நொம்ப நல்லா வருது. புள்ள அந்தத் திருத்தற பாதியச் சொல்லுது, கேளுங்க."

படகுக்காரர் சிரிப்பை மறைக்கத் துடுப்பை மாற்றிப் பிடித்தார்.

"தெரியாதுன்னு சொல்ற மெசினுக்கு எவன் பட்டம் குடுப்பான்?" என்றார் பேராசிரியர்.

"தெரிஞ்ச மாதிரி சொல்றதுக்குத்தான் பட்டம் குடுக்கற கமிட்டி இருக்குதுங்களே சார்" என்றேன்.

படகைக் கரைக்குத் திருப்பச் சொன்னார். போச்சு, அலமாரித் தலைப்புதான் என்று நினைத்தேன். இறங்கியதும் காகிதத்தை வாங்கினார். தலைப்பில் நான் எழுதியிருந்த 'பழைய' என்பதை அடித்து, மேலே 'புதிய' என்று எழுதினார்.

"பழசுன்னா கமிட்டில எந்திரிச்சுக் கேள்வி கேப்பாங்க. புதுசுன்னா ஒருத்தனும் படிக்கமாட்டான், சாமி."

கையெழுத்தும் போட்டார். இருநூறு வருடப் பழைய முறை அன்று சாயங்காலம் ஏற்காட்டில் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவளுக்கு அவர் மனைவி மிளகாய் பஜ்ஜி வாங்கித் தந்தார்.