வெளி யன்னலுக்கு அடித்த சிலிக்கோன்

போன நாலு கிழமையும், ஒரு மாதமாக, பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் நான் எழுதவில்லை. ஊருக்குப் போய்விட்டேனா, உடம்புக்கு முடியவில்லையா என்று சிலர் ரெலிபோன் எடுத்துக் கேட்டார்கள். ஒருவர் மட்டும், “அப்ப ஒரேயடியா விட்டிட்டீங்களோ?” என்று கொஞ்சம் சந்தோஷமாகவே கேட்டார். அவருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்.

யன்னல் சுரண்டினேன்.

நாலு யன்னல். நாலு கிழமை. வலது கையை இன்றைக்கும் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை. இதைக்கூட முழங்கையை மேசையில் முட்டுக் கொடுத்துத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் ஹம்பேர்க்கில் இருக்கிற வீடு நூறு வருடப் பழசு. இரண்டாம் மாடி. பதின்மூன்று வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். யன்னல் எல்லாம் மரம். அதுவும் இரட்டை யன்னல் — உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கதவு, நடுவில் ஒரு கை அகலத்துக்கு இடைவெளி. ஒரு யன்னலைத் துடைக்க வேண்டுமென்றால் எட்டுப் பக்கம் கண்ணாடி துடைக்க வேண்டும். அந்தக் காலத்தில் குளிருக்கு இப்படித்தான் செய்தார்களாம். துடைக்கிறவளை யாரும் கேட்கவில்லை போல.

பிரச்சினை ஹீட்டர் மீற்றர் பார்க்க வந்தவரால் தொடங்கியது. வருடத்துக்கு ஒரு தடவை வருவார். குனிந்து நம்பர் எழுதியவர், எழும்பும்போது சமையலறை யன்னலின் அடிச்சட்டத்தில் கையை ஊன்றினார். விரல் உள்ளே போனது. மரத்துக்குள்... கேக்குக்குள் போவது போல.

விரலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். உத்தியோகத்துக்கு வந்தவர் ஒன்றும் சொல்லாமல் போனால் என்ன அர்த்தம்? கடிதம் வரும் என்று அர்த்தம்.

பத்து நாளில் வந்தது. வீட்டு நிர்வாகத்தின் கடிதம், மூன்று பக்கம். விஷயம் இவ்வளவுதான்: நீங்கள் வீட்டுக்குக் காற்று விடவில்லை. அதனால் ஈரம் தங்கி யன்னல் உக்கிவிட்டது. இது அரசாங்கம் பாதுகாக்கிற பழைய கட்டடம், பிளாஸ்ரிக் யன்னல் மாற்ற முடியாது. நாலு கிழமைக்குள் நாலு யன்னலையும் திருத்துங்கள். ஆள் வந்து ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பார்ப்பார். சரியில்லை என்றால் வீட்டை விட வேண்டும்.

வீட்டை விடுவதா?

தமிழ்ப் பெயரை ரெலிபோனில் சொல்லி இந்த நாட்டில் வீடு தேடியவர்களுக்குத் தெரியும். “வீடு நேற்றுத்தான் கொடுத்தாயிற்று” என்பதை எத்தனை விதமான குரலில் சொல்வார்கள் என்று. இந்த வீடு கிடைக்க எங்களுக்கு இரண்டு வருடம் பிடித்தது. ஐம்பத்து நாலு வயதில் திரும்பவும் அந்த ரெலிபோனைத் தூக்க எனக்குத் தெம்பு இல்லை. முதியோர் இல்லத்துச் சமையலறையில் எட்டு மணித்தியாலம் நின்றுவிட்டு வருகிறவளுக்கு எங்கேயிருந்து தெம்பு வரும்?

கோபம் வந்தது. ஆனால் கடிதத்தில் பொய் இல்லை. நாங்கள் காற்று விடவில்லைதான். ஐந்து வருடமாக விடவில்லை.

ஏன் என்று கேட்கிறீர்களா? எங்களுக்கு மேல் மாடியில் ஃபிறாவ் லோரன்ஸ் என்று ஒரு ஜேர்மன் மனுசி இருக்கிறாள். எழுபது வயதிருக்கும், தனிக்கட்டை. யூரோக் காசு வந்த வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் பொரித்துவிட்டு, குப்பை கொட்டக் கீழே போனேன். படியில் கண்டாள்.

“உங்கள் சமையல் வாடை என் படுக்கையறை வரைக்கும் வருகிறது” என்றாள். பிறகு, “நல்ல ஞாயிறாக இருக்கட்டும்” என்றாள். போய்விட்டாள்.

அவளுக்கு அது அரை நிமிடம். எனக்கு ஐந்து வருடம்.

காது சூடாகிவிட்டது. வீட்டுக்கு வந்து யன்னல் எல்லாவற்றையும் இழுத்துச் சாத்தினேன். சாத்தினால் போதுமா? பழைய மரம். இடுக்கால் வாடை போகும்தானே? சிவம் அண்ணையைக் கூப்பிட்டோம்.

சிவம் அண்ணையை உங்களுக்கும் தெரிந்திருக்கும். பெயர் மட்டும் வேறாக இருக்கும். ஜேர்மனியில் தமிழர் இருக்கிற எந்த நகரத்திலும் இப்படி ஒருவர் இருக்கிறார் — வரி, விசா, கார் பற்றரி, கலியாணப் பேச்சு, எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பவர். வந்தார். கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டினார்.

“உதுக்கேன் பிள்ளை யோசிக்கிறாய்? வெளி யன்னலைச் சுத்திவரச் சிலிக்கோன் அடிச்சுவிடு. ஒரு ஈ கூடப் போகாது.”

“பிறகு திறக்கேலாதே அண்ணை?”

“இந்தக் குளிருக்க ஆர் யன்னல் திறக்கிறது? திறந்தா சூடெல்லாம் வெளியால போயிடும்.”

சரியாகத்தான் பட்டது. கடையில் அந்த ஒட்டுப் பசையைக் குழாய் குழாயாக வாங்கி வந்து, துவக்குப் போலப் பிடித்து நானே அடித்தேன். ஓர் இடுக்கு விடாமல். அந்த மனுசியின் மூக்கை நினைத்து நினைத்து அடித்தேன்.

பிறகு ஐந்து வருடம் புட்டு அவித்தோம், சோறு வடித்தோம், உடுப்பை உள்ளேயே காயப்போட்டோம். கண்ணாடியில் தண்ணீர் ஓடியது. துவாயால் துடைத்தோம். மரத்தில் கறுப்புப் பூத்தது. அதற்கு மேல் வெள்ளைப் பெயின்ற் அடித்தோம். திரும்பவும் பூத்தது. திரும்பவும் அடித்தோம். இதுதான் எங்கள் பராமரிப்பு.

கடிதம் வந்த பிறகு ஒரு தச்சுக்காரரைக் கூட்டி வந்தோம். உக்கிய அடிச்சட்டங்களை வெட்டிவிட்டுப் புது மரம் வைத்துத் தருவேன், மற்ற வேலைக்கு எனக்கு நேரமில்லை என்றார். சிலிக்கோனை விரலால் தடவிப் பார்த்தார்.

“எந்தக் கழுதை வெளி யன்னலை அடைத்தது? உள் யன்னல்தான் இறுக்கமாக இருக்க வேண்டும். வெளி யன்னலில் கொஞ்சம் இடுக்கு வேண்டும். நடுவில் போகிற ஈரம் எப்படி வெளியே போகும்?”

என் கணவர் கண் வெட்டாமல் சொன்னார்: “எங்களுக்கு முதல் இருந்த ஆட்கள்.”

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வேலை தொடங்கியது. லீவு எடுத்தேன். பிளேட்டால் சிலிக்கோனை அறுப்பது. யன்னல் கதவுகளைப் பிணைச்சலிலிருந்து தூக்கிச் சமையலறை மேசையில் கிடத்துவது. சூடான காற்று ஊதுகிற மெஷினால் பழைய பெயின்றை இளக்கிச் சுரண்டுவது. ஒரு கண்ணாடி சூட்டில் வெடித்தது. இரண்டாவதும் வெடித்தது. கண்ணாடியைப் பிடித்திருக்கிற பழைய புட்டிப் பசை கல்லாகிக் கிடந்தது. அதைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதுப் புட்டியைப் பெருவிரலால் அமத்திக்கொண்டு போக வேண்டும். அது காயும் வரை நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். வெளி யன்னல் இல்லாத வீட்டில், நவம்பர் மாதம், ஜாக்கெட்டோடு சோறு தின்றோம்.

கடைசியில் பெயின்ற் அடித்தால்... பிடிக்கவில்லை! சிலிக்கோன் பட்ட இடமெல்லாம் பெயின்ற் வட்டம் வட்டமாக விலகி நின்றது. கண்ணுக்குத் தெரியாமல் மரத்தில் ஒட்டியிருக்கிறது, சனியன். சுரண்டினேன். அடித்தேன். விலகியது. திரும்பவும் சுரண்டினேன்.

“நான் அப்பவே சொன்னனான், சிலிக்கோன் வேண்டாமெண்டு” என்றார் கணவர்.

“எப்ப சொன்னீங்கள்?”

“மனசுக்குள்ள.”

கையில் கூரான சுரண்டி இருந்தது. பொறுத்துக்கொண்டேன்.

இரண்டாம் கிழமை சிவம் அண்ணை தேத்தண்ணிக்கு வந்தார். மேசையில் கிடந்ததைப் பார்த்தார்.

“எந்த விசரன் வெளிப்பக்கம் சிலிக்கோன் அடிக்கச் சொன்னவன்?”

“நீங்கள்தான் அண்ணை.”

“நானோ? நான் உள் யன்னலுக்கெல்லே சொன்னனான்!”

ஒரு சுரண்டியை அவர் கையில் கொடுத்தேன். அரைச் சட்டம் சுரண்டினார். இடுப்பு நாரி பிடித்துக்கொண்டது என்று போனவர், இன்னும் வரவில்லை.

மூன்றாம் கிழமை, ஒரு மத்தியானம். தேய்க்கிற மெஷினைப் போட்டுச் சட்டத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கதவு மணி அடித்தது. ஃபிறாவ் லோரன்ஸ்.

“இது மத்தியான ஓய்வு நேரம். மூன்று மணி வரைக்கும் சத்தம் போடக்கூடாது.”

அவ்வளவுதான். என்னால் முடியவில்லை. கோபம் வந்தால் எனக்கு ஜேர்மன் நன்றாக ஓடும், இலக்கணம் மட்டும் பின்னால் நின்றுவிடும்.

“இந்தச் சத்தமே உங்களால்தான்! வாடை வருகிறது என்று நீங்கள் சொன்னீர்கள். உங்களுக்காக ஐந்து வருடம் யன்னலை அடைத்து வைத்தேன். மரம் உக்கிவிட்டது. இப்போது எங்களுக்கு வீடே போகப்போகிறது!”

அவள் என்னைப் பார்த்தாள். கோபப்படவில்லை. யோசித்தாள்.

“நான் சொன்னேனா? ... சொல்லியிருப்பேன். வாடை வந்ததுதான்.”

பிறகு கேட்டாள்: “அதற்கு நீங்கள் ஏன் உங்கள் யன்னலை மூடினீர்கள்? வாடை வந்தால் நான் என்னுடைய யன்னலை மூடுவேன். எனக்கும் யன்னல் இருக்கிறது.”

நான் கையிலிருந்த மரத்தூளைத் தட்டினேன்.

“மூன்று மணிக்குப் பிறகு தேயுங்கள்” என்றுவிட்டுப் படியேறினாள்.

ஐந்து வருடமாக அடுப்படியில் நின்று அந்த மனுசிக்கு எத்தனை பதில் தயாரித்திருப்பேன் தெரியுமா? வெட்டுக்கு வெட்டு. ஒன்றைக்கூட அவளிடம் சொல்லவில்லை. அன்றைக்குப் படியிலேயே, “அப்படியென்றால் உங்கள் யன்னலைச் சாத்துங்கள்” என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். இந்த ஆட்கள் சொல்லுவார்கள், மறப்பார்கள். நாங்கள் சொல்ல மாட்டோம், மறக்கவும் மாட்டோம். வேலையிடத்தில், பள்ளிக்கூடத்தில், பஸ்ஸில் யாரோ எதையோ சொல்வான். முகத்துக்கு நேரே சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து எங்கள் யன்னலை அடைப்போம். உக்குவது யாருடைய மரம்?

அவள் நல்லவள் என்று நான் சொல்ல வரவில்லை. படியில் கண்டால் இன்றைக்கும் சிரிக்க மாட்டாள்.

குறித்த நாள் வந்தது. காலை ஒன்பது மணிக்கு நிர்வாகத்து ஆள் ஃபைலோடு நின்றார். முதல் யன்னல் திறந்தார், மூடினார். சரி. இரண்டாவது, சரி. மூன்றாவதும் சரி. நாலாவது, சமையலறை. மூன்றாம் தடவை அடித்த பெயின்ற். அதற்கு முதல் நாள்தான் யன்னல் கதவைத் திரும்ப மாட்டினோம். இழுத்தார். வரவில்லை.

திரும்பவும் இழுத்தார். வரவில்லை.

பதின்மூன்று வருட வீடு, ஓர் ஒட்டுப் பெயின்றில் நிற்கிறது. கணவர் போய், யன்னலின் மூலையில் முஷ்டியால் ஒரு குத்து விட்டார். ‘டப்’ என்று திறந்தது. விரல் நீளத்துக்குப் பெயின்ற் உரிந்து தொங்கியது. குளிர் காற்று முகத்தில் அடித்தது.

அந்த ஆள் குனிந்து, புது அடிச்சட்டத்தை விரலால் அமத்தினார். மீற்றர்காரரின் விரல் போன அதே இடம். அமத்தினார்... விரல் வெளியிலேயே நின்றது.

“பெயின்ற் கொஞ்சம் திருத்துங்கள். மற்றபடி சரி” என்று எழுதினார். வீடு தப்பியது.

“காலையும் மாலையும் பத்து நிமிடம் எல்லா யன்னலும் திறக்க வேண்டும். குளிராக இருந்தாலும். சமைக்கும்போது கட்டாயம்” என்றார்.

“சமைக்கும்போது கட்டாயமா?”

“கட்டாயம்.”

“அதை எழுதித் தாருங்கள்” என்றேன். ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனால் எழுதிக் கையெழுத்து வைத்துத் தந்தார். பிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன்.

போன ஞாயிறு, யன்னலை அகலத் திறந்து வைத்துக் கருவாடு பொரித்தேன். மேல் யன்னல் சாத்துகிற சத்தம் வரும் என்று காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. கதவு மணிதான் அடித்தது. ஃபிறாவ் லோரன்ஸ், கழுத்துத் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

“வாடை வருகிறது.”

இந்த முறை நான் விடவில்லை. “உங்கள் யன்னலைச் சாத்துங்கள். உங்களுக்கும் யன்னல் இருக்கிறதுதானே?”

“சாத்த முடியவில்லை. மழையில் மரம் ஊதிவிட்டது” என்றாள். “அந்தத் தேய்க்கிற மெஷின் இன்னும் உங்களிடம் இருக்கிறதா?”

வருகிற சனிக்கிழமை எனக்கு மேல் மாடியில் வேலை. மூன்று மணிக்குப் பிறகு.